ஒரு மெஷினுக்கு ஒரு காவல்

உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக ஓடுகிறது அம்மா. நான் ஒரு வாக்கியம் சொல்லி, நீங்கள் தட்டி, அது திரையில் வந்து சேர்வதற்குள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடித்துவிடலாம். உங்கள் விரல் மேல் தப்பில்லை. திரை கொஞ்சம் என் பக்கம் திரும்பியிருப்பதால் எனக்குத் தெரிகிறது. கீழே வலது மூலையில் பாருங்கள், பச்சையில் ஒரு கேடயம், அதை ஒட்டி நீலத்தில் ஒரு பூட்டு. இரண்டும் ஆன்டிவைரஸ். பழையதை எடுக்காமலேயே யாரோ புதியதைப் போட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள். ஒரு காவலுக்கு இரண்டு காவல் நல்லதுதானே என்று எல்லோருக்கும் தோன்றும்.

ஒரே உறையில் இரண்டு கத்தி நிற்காது அம்மா. நீங்கள் ஒரு கடிதத்தைத் திறந்தால் பச்சை முதலில் போய்ப் பார்க்கும். யார் அது கடிதத்தில் கை வைப்பது என்று நீலம் பாய்ந்து வந்து பிடிக்கும். என்னையே பிடிக்கிறாயா, நீதான் திருடன் என்று பச்சை திருப்பிப் பிடிக்கும். உண்மையான திருடன் வரும்போது இருவரும் கட்டிப் புரண்டு ஓய்ந்து கிடப்பார்கள். புது மெஷினாக இருந்தால் இந்தச் சண்டையைத் தாங்கும். பழையது தாங்காது. பத்தொன்பது வருஷமாக வீடு வீடாகப் போய் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு மெஷினுக்கு ஒரு காவல்.

சர்வேயர் ஐயா வீட்டுக்கு எதற்குப் போனாய் என்று கேட்டீர்கள். இதற்குத்தான் போனேன்.

அவர் நிலம் அளக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி ஆறு வருஷம். ஒரே மகள், வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியின் மருந்துப் பிரிவில் வேலை. மாடி வீட்டில் தனியாக இருந்தார். காது சுத்தமாகக் கேட்காது. போனை எடுத்தால் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். பார்வையும் குறைவு, கைபேசியின் எழுத்து அவருக்கு எறும்பு. அதனால் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் எழுத்தைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுவார். மகள் பதில் எழுதுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே வழி அதுதான். இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் நாள் நான் போனபோது கத்திப் பேசினார். கேட்காதவர்களுக்கு மற்றவர்களுக்கும் கேட்காது என்று ஒரு நினைப்பு.

"வாம்மா டாக்டரம்மா! நோயாளி உள்ள படுத்திருக்கு. என் காது முன்னாடியே போச்சு, இப்ப இதுவும் போச்சு. காதை விட்டுடு, இதை மட்டும் பொழைக்க வச்சுக் குடு."

டாக்டரம்மா என்று என்னை அதற்கு முன் யாரும் கூப்பிட்டதில்லை. கம்ப்யூட்டர்காரம்மா என்பார்கள். சில வீட்டில், "அது வந்திருக்கு" என்பார்கள்.

சரிசெய்ய மூன்று நாள் ஆயிற்று. காலாவதியாகி மூன்று வருஷமான ஒரு ஆன்டிவைரஸ் உள்ளே இருந்தது. 'உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது' என்று ஒரு ஜன்னல் வந்து பயமுறுத்தியதும் அவர் இன்னொன்றை இறக்கிப் போட்டிருந்தார். பழையதை எடுக்கப் போனால், வேறு ஒரு நிரல் இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது, எடுக்க முடியாது என்றது. அந்த வேறு நிரல் எது என்றால் புதியது. சேஃப் மோடில் ஏற்றி, தேவையில்லாத எல்லாவற்றையும் உறங்க வைத்துவிட்டு எடுத்தேன். பட்டியலில் இருந்து பெயர் போனது. ஆள் போகவில்லை. வேர் உள்ளேயே இருந்தது. வேரைப் பிடுங்கக் கம்பெனிக்காரனே ஒரு கருவி கொடுப்பான். அந்தக் கருவி இவ்வளவு பழைய மெஷினில் ஓடமாட்டேன் என்றுவிட்டது. பிறகு ஒவ்வொரு துண்டாகக் கையால் தேடி எடுத்து, ஒவ்வொரு தடவையும் நிறுத்தித் திரும்ப ஏற்றினேன். ஒரு தடவை ஏறப் பதினொரு நிமிஷம்.

அந்தப் பதினொரு நிமிஷம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மற்ற வீடுகளில் அந்த நேரத்தில் என்னைத் தனியாக விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இவர் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு நோட்டை நீட்டினார். நான் சொல்ல வேண்டியதை அதில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

"சாப்ட்டியா?" என்றார்.

ஆம் என்று எழுதினேன்.

"பொய். முகத்துல எழுதியிருக்கு. நான் காதால கேக்காத ஆளு, மூஞ்சியால கேக்குற ஆளு."

அவர் உதட்டைப் படிப்பார். முகத்தைப் படிப்பார். அவரிடம் வாயால் பொய் சொல்ல முடியாது. நோட்டில் எழுதும்போது தலையைக் குனிந்துகொள்ளலாம் என்பதை அன்றைக்கே கவனித்துவிட்டேன். அப்போது அதற்கு ஒரு உபயோகமும் இல்லை.

மூன்றாம் நாள் எல்லாம் எடுத்தாகிவிட்டது, ஒரே ஒரு துண்டு தவிர. அதை விட்டுவைத்தேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த கடைக்காரர் ஒரு வேடிக்கை சொல்வார்: "முழுசாப் பிடுங்கிட்டா அப்புறம் நம்மள எதுக்குக் கூப்பிடப் போறாங்க?" நான் அதற்குச் சிரித்திருக்கிறேனே தவிர ஒரு வீட்டிலும் செய்ததில்லை. அங்கே செய்தேன். அந்தத் துண்டு இருந்தால் வாரத்துக்கு ஒரு முறை மெஷின் திணறும். செவ்வாய்க்கிழமைதோறும் போனேன்.

கீழ் வீட்டுத் தையல்காரி படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கிண்டல் செய்வாள். "என்னக்கா, நீ வந்தா ஒழுங்கா ஓடுது, நீ போனா படுத்துக்குது? புருஷன் இருந்தாத்தான் வேலை செய்வேன்னு அடம் புடிக்கிற மருமக மாதிரி இருக்கே!" அவள் நல்லவள். அவள் வாக்குமூலத்தில் என்னைப் பற்றி என்ன சொல்லியிருந்தாலும் நான் மறுக்கவில்லை.

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, "மகள்கிட்ட இருந்து பத்து நாளா ஒண்ணும் வரலையே, என்னன்னு பாரு" என்றார்.

பார்த்தேன். ஆன்டிவைரஸில் தனிமைப் பெட்டி என்று ஒன்று உண்டு அம்மா. சந்தேகப்பட்டதை அது அழிக்காது. ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கும். நாம் பார்த்து, நல்லதென்றால் விடுவிக்கலாம், கெட்டதென்றால் அழிக்கலாம். மகள் அனுப்பிய கடிதம் அதில் கிடந்தது. அவள் இணைத்திருந்த படத்தைப் பார்த்து அது தவறாகச் சந்தேகப்பட்டிருந்தது. பழைய மெஷின்களில் அடிக்கடி நடப்பதுதான். 'விடுவி' என்ற பொத்தானின் மேல் கை வைத்துவிட்டேன். அவர் டீ போட உள்ளே போயிருந்தார். விடுவிப்பதற்கு முன் பார்ப்பது என் வழக்கம்.

அப்பா, விசா விஷயம் முடிந்துவிட்டது, இரண்டு மாதத்தில் வந்து உங்களைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தாள். இங்கே உங்களுக்குத் தனி அறை, ஜன்னலுக்கு வெளியே மரம், படம் வைத்திருக்கிறேன் பாருங்கள் என்று. கடைசியில் ஒரு வரி. 'அந்தப் பழைய டப்பாவைத் தூக்கிப் போடுங்கப்பா, புதுசா வாங்கித் தர்றேன்.'

நான் கையை எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். பூட்டியது நானல்ல, மெஷின். நான் திறக்கவில்லை.

அவர் டீயோடு வந்தார். நோட்டில் 'கடிதம் எதுவும் வரவில்லை' என்று எழுதினேன். தலையைக் குனிந்துகொண்டுதான் எழுதினேன்.

அதற்குப் பிறகு அந்த முகவரியிலிருந்து எது வந்தாலும் நேராகப் பெட்டிக்குப் போகும்படி வைத்தேன். அவர் எழுதுவது வெளியே போகாமல் வரிசையிலேயே நிற்கும்படியும் வைத்தேன். 'அனுப்பியாகிவிட்டது' என்று அவருக்குக் காட்டும், போயிருக்காது. ஆனால் பதிலே வராவிட்டால் மகள் பதறிப் போய் ஓடி வருவாள். பெற்ற பிள்ளையைப் பதற விடுவது பாவம். அதனால் அவர் பேரில் நானே நான்கு வரி எழுதினேன். கடவுச்சொல்லைத் திரையின் ஓரத்தில் காகிதத்தில் எழுதி ஒட்டி வைத்திருந்தார். என் கடையில் இருந்தபடியே படிக்கவும் எழுதவும் முடிந்தது. இந்த வருஷம் வராதே, முழங்கால் வலி, பயணம் தாங்காது, வீட்டை விட மனசில்லை என்று எழுதினேன். முழங்கால் வலி உண்மை. பொய்யில் கொஞ்சம் உண்மை கலந்தால்தான் நிற்கும்.

அவர் போல் எழுதுவது கஷ்டமாக இல்லை. இத்தனை செவ்வாய்க்கிழமை எதிரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேனே. மகள் அடிக்கடி எழுதுகிறவள். எல்லாவற்றையும் படித்தேன். அழகாக எழுதுவாள். கண்டிப்பாள், கொஞ்சுவாள். 'என்னப்பா, தந்தி மாதிரி எழுதுறீங்க, முன்ன மாதிரி வாயாட மாட்டேங்கறீங்களே' என்று ஒரு தடவை கேட்டிருந்தாள். அடுத்த கடிதத்தில் ஒரு வேடிக்கை சேர்த்தேன்.

அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறைக்கவில்லை.

"என் மேல கோவமா அவளுக்கு?"

'வேலை அதிகமாக இருக்கும்' என்று எழுதினேன்.

"இருக்கும், இருக்கும். அவ அம்மா மாதிரி. கோவம் வந்தா பேச்சை நிறுத்திடுவா." நோட்டை மூடி வைத்தார். "அவ அம்மா பேச்சை நிறுத்துனா எனக்கு நாலு நாள் கழிச்சுத்தான் தெரியும். காது இல்ல பாரு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு, "நீயாவது வர்றியே அம்மாடி," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகச் செய்தாயா என்று கேட்காதீர்கள். நான் யோசித்தது வேறு. அவருக்கு அங்கே மகள் ஒரு காவல், இங்கே நான் ஒரு காவல். பழைய மெஷின். இரண்டு காவல் தாங்காது. ஒருத்தி எட்ட இருந்து எழுதுவாள். ஒருத்தி வாரம் தவறாமல் வந்து நிற்பாள். எதை வைப்பது, எதை எடுப்பது என்பதைத் தொழில் தெரிந்த யாரும் அப்படித்தான் முடிவு செய்வார்கள்.

இப்போது நீங்கள் கேட்ட மாத்திரை விஷயம். கண் எரிகிறது போல உங்களுக்கு. இந்தத் திரை வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அவருக்குப் படபடப்பு வந்து, தையல்காரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். புதிதாக ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள். ஏற்கெனவே வெள்ளை மாத்திரை ஒன்று பல வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே என்ன கேட்டார்களோ, இவருக்கு என்ன புரிந்ததோ, இரண்டையும் சாப்பிட ஆரம்பித்தார். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. நான் மகளுக்கு எழுதும்போது உண்மை கொஞ்சம் கலக்க வேண்டுமே என்று, இரண்டு மாத்திரையின் பெயரையும் அட்டையைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் எழுதினேன்.

புதன்கிழமை காலையில் கடையைத் திறந்தபோது பதில் வந்திருந்தது. அவள் வேலையே மருந்துதான் அல்லவா. மனப்பாடமாகச் சொல்கிறேன், வேண்டுமானால் ஒத்துப் பாருங்கள்.

'அப்பா, ரெண்டும் ஒரே மருந்து. பேர்தான் வேற வேற. ஒண்ணாச் சாப்பிட்டா நாடி இறங்கிடும், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. பழசை இன்னைக்கே நிறுத்துங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. கையில நாடியைப் பிடிச்சு ஒரு நிமிஷத்துக்கு எத்தனைன்னு எண்ணி எனக்கு உடனே எழுதுங்க. உங்க பதில் வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது.'

நான் அதை இரண்டு தடவை படித்தேன். ஒரே வேலையைச் செய்கிற இரண்டு பேர், ஒரு பழைய உடம்புக்குள். அவள் சொன்னது எனக்குப் புரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் புரிந்திருக்காது அம்மா. பத்தொன்பது வருஷமாக நான் சொல்வதைத்தான் அவள் சொல்லியிருந்தாள்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். யார் சொன்னது என்று கேட்பார். முகத்தைப் பார்த்துக் கேட்பார். சொன்னால் கடிதம் வந்தது தெரியும். ஒரு கடிதம் வந்தது தெரிந்தால் அறுபது கடிதம் வந்ததும் தெரியும். பழைய அட்டையை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். ஒருவர் வீட்டில் அவரைக் கேட்காமல் ஒரு பொருளையும் எடுத்ததில்லை நான். தொழிலில் அது ஒரு ஒழுங்கு. தவிர, மருந்து என் துறை இல்லை.

ஆனால் பெண் தூங்காமல் இருப்பாளே. அதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. உடனே எழுதினேன். 'நிறுத்திட்டேன்மா. டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன். நாடி எழுபது. நிம்மதியாத் தூங்கு.'

எழுபது என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? தெரியாது. கேட்டுப் பழகிய எண்ணாக இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை போனேன். படியிலேயே தையல்காரி பிடித்துக்கொண்டாள். "அக்கா, பெரியவரு நேத்து மூணாவது படியில உக்காந்துட்டாரு. மூச்சு வாங்குது. கேட்டா, மெஷின் பழசு, அப்பிடித்தான்ங்கறாரு. உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா? அந்தப் பொண்ணு நம்பர் இருந்தாக் குடேன், ஒரு வார்த்தை சொல்லிப்புடலாம்."

நம்பர் என்னிடம் இல்லை என்றேன். அது உண்மை. முகவரிதான் இருந்தது.

அவர் நாற்காலியில் இருந்தார். எழுந்திருக்கவில்லை. கை குளிர்ந்திருந்தது. நான் மெஷினை நிறுத்தித் திரும்ப ஏற்றிவிட்டு, அந்தப் பதினொரு நிமிஷத்தில் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். எதிரே சுவர்க் கடிகாரம். ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினேன்.

முப்பத்தெட்டு.

"என்ன டாக்டரம்மா, இப்ப நெசமாவே டாக்டராயிட்டியா?" என்றார். குரல் முன்போலக் கத்தலாக இல்லை. எனக்கு மட்டும் கேட்கும்படி இருந்தது. "எத்தனை?"

நோட்டை எடுத்துக் குனிந்துகொண்டு 'எழுபது' என்று எழுதினேன்.

"நல்லது," என்றார். பிறகு, "அவகிட்ட இருந்து...?" என்று ஆரம்பித்து, முடிக்காமல் என் முகத்தைப் பார்த்தார். நான் நிமிரவில்லை. மெஷின் ஏறிவிட்டது. அன்றைக்கு அது நன்றாகவே ஓடிற்று. டீ குடிக்காமல் கிளம்பினேன். அவரால் போட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தையல்காரி பார்த்தபோது நாற்காலியிலேயே போயிருந்தார். அவர் அலமாரியிலிருந்த பழைய காகிதங்களில் மகளின் நம்பரைத் தேடிப் பிடித்தது அவள்தான். மகள் வந்தாள். அப்பாவின் கடைசிக் கடிதங்களைப் பார்க்க வேண்டும் என்று மெஷினைத் திறந்திருக்கிறாள். அது திணறியதும் வேறு ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கிறாள். அவன், நான் விட்டு வைத்த துண்டைப் பிடுங்கியெடுத்துவிட்டு, தனிமைப் பெட்டியில் அறுபத்தொன்று இருக்கிறது, அழித்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறான். காட்டு என்றிருக்கிறாள்.

முப்பது நாளில் அந்தப் பெட்டி தானாக அழிந்துவிடும் அம்மா. எல்லா மெஷினிலும் அப்படித்தான் வைத்திருக்கும். அழியாதபடி அதை மாற்றி வைத்தது நான். ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. அதை நீங்கள் தனி வரியாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேலியே பயிரை மேய்ந்தது என்று தையல்காரி சொன்னாளாம். பயிர் அப்படியேதான் இருக்கிறது, அறுபத்தொன்றும்.

சரி, நீங்கள் கேட்டபடி நேராகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அவர் சாவார் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை காலையிலேயே தெரியும். முப்பத்தெட்டு எண்ணியபோதும் தெரியும். தடுக்க ஒரு வரி போதும் என்பதும் தெரியும். எழுதவில்லை. 'நாடி எழுபது' என்று எழுதினேன், அவளுக்கு ஒரு தடவை, அவருக்கு ஒரு தடவை. அதை எழுதியது நான்தான்.

வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். வரும்போது பார்த்தேன். அவர் மூக்கு அப்படியே. கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து வந்து மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா என்னைப் பத்திக் கேட்டாரா?"

கேட்டார், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கேட்டார் என்று சொன்னால் அந்தப் பெண் தாங்குமா? நீங்களே சொல்லுங்கள்.

"இல்ல கண்ணு," என்றேன். "நிம்மதியாத்தான் இருந்தாரு."

அவர் அவளுக்கு எழுதி, போகாமல் வரிசையில் நின்றவை பத்தொன்பது. மெஷினில் இல்லை, அவ்வப்போது எடுத்துவிட்டேன். அவற்றை இன்னும் யாரும் கேட்கவில்லை. என் பையில் ஒரு பென் டிரைவில் பத்திரமாக இருக்கின்றன. இப்போது அவளிடம் கொடுக்க வேண்டாம் அம்மா, இந்த நிலைமையில் அது கூடாது. நேரம் பார்த்து நானே சொல்கிறேன்.

அதுவரைக்கும் உங்கள் மெஷினைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள். பதினைந்து நிமிஷ வேலை. இரண்டில் எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று நீங்கள் அலட்டிக்கொள்ளாதீர்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.